கன்ட்ரோல் என்றால் இரண்டாவது நோட்டு

அந்த மெயிலில் இருந்தது மொத்தம் நாலு வரி. வம்பு மூன்றாவது வரியில் இருந்தது. “அடுத்த வாரம் எங்கள் டெக்னீஷியன் வந்து உங்கள் புரொடக்‌ஷனை கன்ட்ரோல் செய்வார். அவர் கன்ட்ரோல் செய்து முடிக்கும்வரை எதையும் கப்பலில் ஏற்ற வேண்டாம்.” அனுப்பியவர் இத்தாலிக்காரர், எங்களிடம் ஷூ வாங்கும் கம்பெனியில் கொள்முதல் பார்ப்பவர். எழுதியது ஆங்கிலத்தில். படித்துச் சொன்னது நான்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்து எனக்கு அப்போது ஒரு வருடம். மெர்ச்சண்டைசர் என்றால் ஏதோ பெரிய உத்தியோகம் என்று ஊரில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். வாங்குகிறவருக்கும் ஃபேக்டரிக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குவதுதான் வேலை. வீடு குடியாத்தம் பக்கத்தில். காலையில் பாசஞ்சரில் போய் இருட்டின பிறகு திரும்புவேன். ஆம்பூர் இப்போது திருப்பத்தூர் மாவட்டம், குடியாத்தம் வேலூர் மாவட்டம். என் நைனாவுக்கு இரண்டும் இன்னும் வடாற்காடுதான். எம்.ஏ. ஆங்கிலம் படித்தவள் என்பதால் வெளிநாட்டு மெயில் எல்லாம் என் மேஜைக்கு வரும்.

முதலாளியை நாங்கள் எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். “இன்னாம்மா சொல்றான்?” என்றார். நான் யோசிக்காமல், “அவங்க ஆள் வந்து நம்ம புரொடக்‌ஷனை கட்டுப்பாட்டுல எடுத்துக்குவாராம் பாய், அதுவரைக்கும் சரக்கு அனுப்பக்கூடாதாம்” என்று சொல்லிவிட்டேன்.

பாய் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “எடுத்துக்குவானா? இன்னா, ஃபேக்டரிய வாங்கிட்டானா?” பக்கத்தில் நின்ற மாஸ்டருக்கு முகம் சுருங்கிப்போனது. முப்பது வருடம் தோலையும் ஷூவையும் தொட்டுத் தொட்டுக் கை தடித்துப்போன மனிதர். “அப்ப நான் எதுக்கு இங்க கீறேன்?” என்று கேட்டுவிட்டு வெளியே போய்விட்டார். அன்று சாயங்காலம் நானே ஒரு பதில் டைப் செய்தேன். எங்கள் உற்பத்தியை நடத்த எங்களுக்குத் தெரியும், வெளியாள் யாரும் வந்து நடத்தத் தேவையில்லை என்பதை எம்.ஏ. ஆங்கிலத்தில், கொஞ்சம் பெருமையாகவே எழுதினேன். அந்தப் பெருமையை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

மூன்று நாள் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. நான்காம் நாள் சென்னையில் இருக்கும் ஏஜென்ட் போன் செய்தார். “சரக்கைக் காட்ட மாட்டோம்னு எழுதிட்டீங்களாமே, ஏன்? எதையாவது மறைக்கிறீங்களான்னு அவங்க கேக்கறாங்க” என்றார். அவர்கள் கேட்டது செக் பண்ண. செக் மட்டும்தான். இதைப் பேசித் தீர்த்து டெக்னீஷியன் வருவதற்குள் பிடித்து வைத்திருந்த கப்பல் போய்விட்டது. ஆர்டரில் ஒரு பகுதியை விமானத்தில் அனுப்பவேண்டி வந்தது, செலவு எங்கள் தலையில். பாய் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது.

வந்தவர் அறுபது வயது ஆள், மெல்லிய உடம்பு. யாரையும் எதையும் கட்டுப்படுத்துகிற தோரணையே இல்லை. ஷூவைக் கையில் எடுத்து மேல்தோலை உள்பக்கமாக மடக்கி, சுருக்கம் பொடியாக விழுகிறதா பெரிதாக விழுகிறதா என்று பார்த்தார். தையலை ஓர் அங்குலத்துக்கு எத்தனை என்று எண்ணினார். ஜோடியை வெளிச்சத்தில் வைத்து நிறம் ஒத்துப்போகிறதா என்று பார்த்தார். ஒவ்வொன்றையும் தன் தாளில் எழுதிக்கொண்டார். எங்கள் செக்கிங் ரிப்போர்ட்டை மாஸ்டர் நீட்டியபோது மட்டும் கையை ஆட்டி மறுத்தார். அப்புறம், அப்புறம். தன் தாள் முடிந்த பிறகுதான் எங்கள் தாளை வாங்கி, இரண்டையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலை ஓட்டினார். இரண்டு இடத்தில் வித்தியாசம். அந்த இரண்டு பெட்டியை மட்டும் திரும்பத் திறக்கச் சொன்னார். முடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே, “கன்ட்ரோல்டு. ஓகே” என்றார்.

மத்தியானம் பிரியாணியும் கத்தரிக்காய்த் தொக்கும் வைத்தோம். பிரியாணியை ரசித்தார், தொக்கைத் தொடவில்லை. அது அவர் நஷ்டம். சாப்பிடும்போது தயங்கித் தயங்கி அந்த மெயில் கதையைச் சொன்னேன். அவருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் மேஜையைத் தட்டிச் சிரித்தார். இத்தாலியில் ரயிலில் டிக்கெட் பார்க்க வருகிறவருக்குப் பெயரே கன்ட்ரொல்லோரே. அவர் ரயிலை ஓட்டுவதில்லை, டிக்கெட்டைப் பார்த்துவிட்டுப் போவார், அவ்வளவுதான் என்றார். பிரெஞ்சுக்காரர்களும் ஜெர்மன்காரர்களும் அப்படித்தான். ஜெர்மனியில் பாஸ்போர்ட் பார்க்கும் இடத்துக்கு பாஸ்கொன்ட்ரோலே என்று பெயர். ஐரோப்பாவின் பாதி பேருக்கு இந்தச் சொல் இன்னும் ‘சரிபார்’தான். ஆங்கிலத்தில் மட்டும் அது ‘ஆட்டிவை’ வரை போய்விட்டது. அந்த ஆங்கிலத்தைத்தான் நாம் படித்தோம்.

அன்று ராத்திரி வீட்டில் பழைய அகராதியை எடுத்தேன். கல்லூரியில் வாங்கிய தடிப் புத்தகம். ஒவ்வொரு சொல்லின் கடைசியிலும் பொடி எழுத்தில் அதன் பூர்வீகம் போட்டிருக்கும். படித்த இரண்டு வருடத்தில் அந்தப் பொடி எழுத்தை நான் ஒருநாளும் படித்ததில்லை. அர்த்தம் தெரிந்தால் போதும், மூடிவிடலாம் என்கிற வழக்கம்.

அந்தச் சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்திருக்கிறது. பிரெஞ்சுக்கு வந்தது இடைக்கால லத்தீனிலிருந்து. அங்கே அது கோன்ட்ராரோத்துலுஸ். கோன்ட்ரா என்றால் எதிரே. ரோத்துலுஸ் என்றால் சின்னச் சுருள், ரோத்தா என்ற சக்கரத்தின் செல்லப் பெயர் மாதிரி. சுருட்டி வைக்கும் கணக்கு ஏடுதான் அந்தச் சுருள். ஆக, ஒரு கணக்குச் சுருளுக்கு எதிராக இன்னொருவர் எழுதி வைக்கும் இரண்டாவது சுருள், எதிர் ஏடு. அந்த எதிர் ஏட்டை வைத்து முதல் ஏட்டைச் சரிபார்ப்பதுதான் வினைச்சொல். ஆங்கிலத்தில் அது 15-ஆம் நூற்றாண்டில் புழக்கத்துக்கு வந்தபோதும் கணக்கைச் சரிபார்ப்பது என்ற பொருளோடுதான் வந்தது. கணக்கு கையில் இருப்பவனுக்கு அதிகாரமும் கையில் வரும் என்பதால் பிற்பாடு அடக்கி ஆள்வது என்ற பொருள் மேலே ஏறி உட்கார்ந்துகொண்டது. பே ரோல், ரோல் நம்பர், சினிமாவில் ஹீரோ ரோல் எல்லாம் அதே சுருளின் பிள்ளைகள். நடிகரின் வசனம் எழுதிய சுருளுக்கு பிரெஞ்சில் இருந்த பெயர்தான் நடிப்பு ‘ரோல்’ ஆனது.

படித்துக்கொண்டிருந்தபோது நைனா பக்கத்துக் கட்டிலில் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். சுருள், எதிர்ச்சுருள் என்று அவரிடம் வாய்விட்டுச் சொன்னேன். “இதுக்குப் போயி லத்தீனா?” என்றார். “நம்ம கேட்டு நோட்டும் குடோன் நோட்டும்தானே அது.”

நைனா பேரணாம்பட்டில் தோல் பதனிடும் ஒரு டேனரியில் இருபத்தைந்து வருடம் குடோன் பார்த்தவர். லாரியில் உப்புத்தோல் வரும். கேட்டில் இருப்பவர் இறக்கும்போதே எண்ணி ஒரு நோட்டில் எழுதுவார். அதே தோல் குடோனுக்குள் வந்ததும் நைனா திரும்ப எண்ணி இன்னொரு நோட்டில் எழுதுவார். லாபம், ரெண்டு, மூணு என்று தொடங்கும் அந்த எண்ணிக்கை. ஒன்று என்று சொல்லித் தொடங்கமாட்டார்கள். சாயங்காலம் கணக்கப்பிள்ளை இரண்டு நோட்டையும் வைத்து ஒத்துப்பார்ப்பார்.

இதில் ஒரு விஷயத்தை நைனா அன்றைக்குத்தான் சொன்னார். எண்ணிக் களைத்துப் போகிற நாளில் கேட்டில் இருப்பவர் கத்துவாராம்: “அண்ணா, நான் 640 எழுதிக்கிறேன், நீயும் அதையே போட்டுக்கோ.” நைனா காதில் விழாததுபோல் இருந்துவிடுவார். சில நாள் உள்ளேயிருந்து அவரே போய் எவ்வளவு என்று கேட்கலாமா என்று தோன்றும். கேட்கமாட்டார். புதிதாக வேலைக்கு வந்த பையன் ஒருத்தன் தன் எண்ணிக்கையை எழுதுவதற்கு முன் இவருடைய நோட்டை எட்டிப் பார்த்தபோது சொன்னாராம், “நீ எண்ணு. உனக்கு இன்னா வருதோ அத்த எழுது. என்னோடத பாத்து எழுதினா அது ரெண்டாவது நோட்டு இல்ல, மொத நோட்டுதான் ரெண்டு தடவ.”

அந்த இத்தாலி டெக்னீஷியன் எங்கள் ரிப்போர்ட்டை முதலில் வாங்க மறுத்ததற்குக் காரணம் எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அதற்கப்புறம் கொஞ்ச நாள் பைத்தியம் மாதிரி இந்த ஒரு சொல்லின் பின்னால் அலைந்தேன். கிடைத்ததில் இரண்டை மட்டும் சொல்கிறேன், இரண்டும் எங்கள் தொழிலைத் தொட்டு நிற்பவை. எம்.ஏ. வகுப்பில் ஆங்கிலக் கவிதையின் தந்தை என்று படித்த சாசர் இருக்கிறாரே, அவர் பிழைப்புக்குச் செய்த வேலை கன்ட்ரோலர். 1374 ஜூன் 8 அன்று லண்டன் துறைமுகத்தில் கம்பளி, ஆட்டுத்தோல், பதனிட்ட தோல் ஆகியவற்றின் சுங்கத்துக்குக் கன்ட்ரோலராக நியமித்தார்கள். சுங்கம் வசூலிக்கிறவர்கள் ஒரு சுருள் எழுதுவார்கள், அதற்கு எதிர்ச்சுருளை இவர் எழுதவேண்டும். நியமன உத்தரவிலேயே ஒரு நிபந்தனை இருந்தது: சுருளைத் தன் கைப்பட எழுதவேண்டும், ஆள் வைத்து எழுதக்கூடாது. பன்னிரண்டு வருடம் அந்த வேலையில் இருந்தார். கவிதைக்காக அவரைப் படித்த இரண்டு வருடத்தில் வராத பாசம், தோல் கணக்கு எழுதியவர் என்று தெரிந்ததும் வந்தது.

இன்னொன்று அந்தச் சுருள்கள் எதனால் ஆனவை என்பது. இங்கிலாந்து அரசுக் கருவூலத்தின் கணக்குச் சுருள்கள் செம்மறி ஆட்டுத்தோலில் எழுதப்பட்டவை. பதனிட்ட தோல் அல்ல, சுண்ணாம்பில் போட்டு மயிர் எடுத்து, சட்டத்தில் இழுத்துக் கட்டிக் காயவைத்தது. 12-ஆம் நூற்றாண்டில் அந்தக் கருவூலத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்த ரிச்சர்ட் ஃபிட்ஸ்நைஜல் நடைமுறைகளை எழுதிவைத்தபோது இதற்குக் காரணமும் சொன்னார்: செம்மறித் தோலில் சுரண்டி அழித்தால் அடையாளம் தெரிந்துவிடும். மாஸ்டரிடம் இதைச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை. “செம்மறியில நடுவுல கொழுப்பு இருக்கும்மா. சுண்ணாம்புல அது போயிட்டா நடுவுல எடம் காலியாயிடும், மேல் தோலு தனியா கழண்டுக்கும். சுரண்டினா பேந்துகினு வரத்தான் செய்யும்” என்றார். எண்ணூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய கருவூல ரகசியத்தை எங்கள் மாஸ்டர் டீ குடித்துக்கொண்டே விளக்கிவிட்டார். மெயில் விஷயத்தில் என்மேல் இருந்த கோபமும் அன்றோடு தீர்ந்தது என்று நினைக்கிறேன்.

இந்தச் சொல்லின் இன்னொரு பிள்ளை டெல்லியில் இருக்கிறது. அரசமைப்புச் சட்டத்தின் 148-ஆவது பிரிவில் வரும் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் ஆங்கிலப் பதவிப் பெயரை கம்ப்ட்ரோலர் என்று எழுதுவார்கள், கன்ட்ரோலர் என்று படிக்கவேண்டும். நடுவில் இருக்கும் எழுத்துகள் பிழையாக நுழைந்தவை. முதல் பாதியைக் கணக்கு என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லோடு யாரோ குழப்பிக்கொண்டார்கள். ஆனால் வேலை என்னவோ அசல் எதிர்ச்சுருள் வேலைதான். அவர் செலவு செய்யமாட்டார், செய்தவர்களின் கணக்கைப் பார்ப்பார்.

தமிழில் ஏன் நான் தடுக்கி விழுந்தேன் என்றும் யோசித்தேன். நமக்குக் கட்டுப்பாடு என்றால் கயிறு. கட்டு, கட்டுப்படு, ஊர்க்கட்டுப்பாடு. மாடு கட்டுகிற வீட்டில் வளர்ந்தவளுக்கு அந்தச் சொல் வந்தாலே கழுத்தில் கயிறு விழுகிற நினைப்புதான். போதாததற்கு எங்கள் ஆயா சொன்ன கன்ட்ரோல் காலம் வேறு மனதில் இருந்தது. போர்க்காலத்தில் அரிசிக்கு கன்ட்ரோல், துணிக்கு கன்ட்ரோல். கையில் காசு இருந்தாலும் அளந்துதான் கிடைக்கும். 1952-இல் ராஜாஜி அரிசிக் கட்டுப்பாட்டை எடுத்தபோது கல்யாணம் நடந்த மாதிரி இருந்தது என்று ஆயா சொல்வாள். அவளுக்கு கன்ட்ரோல் என்பது பசியின் இன்னொரு பெயர். எனக்கும் அதே வாசனை ஒட்டியிருந்திருக்கிறது.

ஆனால் நம்மிடமும் ஏடு இருக்கிறது. நிலம் வைத்திருக்கிறவர்களுக்குத் தெரியும், கூட்டுறவு சங்கத்தில் பயிர்க்கடன் கேட்டால் சிட்டாவும் அடங்கலும் கொண்டுவரச் சொல்வார்கள். எந்த சர்வே நம்பரில் இந்தப் போகம் என்ன பயிர் என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதும் பதிவேடு அடங்கல். எங்கள் தாத்தா காலத்தில் கர்ணம் எழுதினார். அடங்கு, அடக்கு, அடங்கல். அங்கே ஏட்டின் பெயர் வளர்ந்து அடக்குவதற்கான சொல் ஆனது. இங்கே அடங்குவதற்கான சொல் போய் ஏட்டின் பெயர் ஆகிவிட்டது. இரண்டு ஊர்க்காரர்களும் எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து நடந்துவந்து ஒரே திண்ணையில் உட்கார்ந்த மாதிரி எனக்குத் தோன்றியது. இது அகராதியில் இல்லை, என் சொந்தச் சரக்கு. பிடிக்காவிட்டால் தள்ளிவிடலாம்.

சரி, இதெல்லாம் தெரிந்து வேலையில் என்ன ஆனது என்று கேட்பீர்கள். எங்கள் கம்பெனியில் குவாலிட்டி கன்ட்ரோல் என்று ஒரு பிரிவு இருந்தது. பெயர்ப் பலகையில் தமிழில் தரக் கட்டுப்பாடு. அதில் இருந்த பெண்கள் தங்களைப் போலீஸ் மாதிரி நினைத்துக்கொண்டார்கள், மற்றவர்களும் அவர்களை அப்படித்தான் பார்த்தார்கள். கட்டிங் பிரிவில் வெட்டுகிறவர் ஒரு சிட்டையில் எத்தனை துண்டு என்று எழுதி அனுப்புவார். செக்கிங் பெண் அந்தச் சிட்டையைப் பார்த்து, குத்துமதிப்பாகக் கட்டைப் புரட்டிவிட்டு டிக் போடுவாள். முதல் நோட்டே இரண்டு தடவை. நான் பாயிடம் போய் ஒன்றே ஒன்று கேட்டேன்: வெட்டுகிறவரின் சிட்டை செக்கிங் மேஜைக்கு வரவேண்டாம், அது நேராக ஆபீசுக்கு வரட்டும். செக்கிங்கில் வெறும் தாள் கொடுப்போம், எண்ணி எழுதட்டும். இரண்டையும் நான் ஒத்துப்பார்க்கிறேன்.

முதல் இரண்டு நாள் கச்சிதமாக ஒத்துப்போனது. அதுவே எனக்குச் சந்தேகம். போய்ப் பார்த்தால் சிட்டை எழுதுவதற்கு முன்னாலேயே வெட்டுகிறவர் வாயால் சொல்லிவிடுகிறார். அதை நிறுத்தினோம். மூன்றாம் நாள் ஒரு லாட்டில் ஷூவின் முன்பக்கத்து மேல்துண்டான வாம்ப், இடது காலுக்கு 12 அதிகம், வலது காலுக்கு 12 குறைவு. மொத்தம் சரியாக இருந்ததால் சிட்டையில் தெரியவே இல்லை. அது தையலுக்குப் போய், அங்கே ஜோடி சேராமல் நின்று, அதே தோல் அதே நிறத்தில் கிடைக்காமல் தவிப்பதற்கு முன்னால் கட்டிங் மேஜையிலேயே பிடித்தோம். வெட்டியவர் மேல் யாரும் பாயவில்லை. தப்பு யார்மேல் என்பதைவிட எந்த மேஜையில் என்பதுதான் கேள்வியாக இருந்தது. செக்கிங் பெண்களுக்கும் சண்டை குறைந்தது. குற்றம் கண்டுபிடிக்கவேண்டிய வேலை போய், எண்ணி எழுதுகிற வேலை ஆனது.

ஒன்று சொல்லவேண்டும், இதற்கு இரண்டு ஆள் கூலி. சின்னப் பட்டறைகளில் கட்டுப்படியாகாது என்பார்கள், நியாயம்தான். அப்படிப்பட்ட இடத்தில் எல்லாவற்றுக்கும் வேண்டாம். விலை அதிகமான தோலுக்கு மட்டும், அல்லது வாரத்தில் சொல்லாமல் ஒரு நாள் மட்டும் இரண்டாவது எண்ணிக்கை போட்டாலே பாதி பயன் உண்டு.

கம்ப்யூட்டர் இருக்கிறதே, டேலியில் போட்டால் போதாதா என்று பாயின் மகன் கேட்டான். டேலி என்ற சொல்லும் லத்தீன்தான், தாலியா, வெட்டிய குச்சி. இங்கிலாந்தில் கடன் கணக்கைக் குச்சியில் வெட்டுக் குறியாகப் போட்டு, குச்சியை நீளவாக்கில் பிளந்து, ஆளுக்கொரு பாதி வைத்துக்கொள்வார்கள். பிறகு இரண்டு பாதியும் பொருந்தவேண்டும். ஒருவன் தன் பாதியில் கூடுதலாக ஒரு வெட்டுப் போட்டால் மற்றவன் பாதியில் அது இருக்காது. அந்தப் பழைய குச்சிகளை 1834-இல் நாடாளுமன்றக் கட்டடத்தின் அடுப்புகளில் போட்டு எரித்ததில் கட்டடமே எரிந்துபோனது. ஆக டேலியிலும் இரண்டு பாதி வேண்டும் தம்பி, ஒரே ஆள் ஒரே ஸ்க்ரீனில் இரண்டையும் அடித்தால் அது பிளக்காத குச்சி என்றேன். அவன் காதில் எவ்வளவு ஏறியதோ தெரியவில்லை.

மெயில் படிக்கும் விதமும் மாறியது. ஐரோப்பாவிலிருந்து வரும் ஆங்கிலம் பெரும்பாலும் ஆங்கிலத் துணி போர்த்திய வேறு மொழி. ஜெர்மன்காரர் ‘ஈவென்ச்சுவலி 2,000 ஜோடி வாங்குவோம்’ என்று எழுதினால், கடைசியில் வாங்கியே தீருவோம் என்று நாம் படிப்போம். அவர் மனதில் இருப்பது ஒருவேளை வாங்கலாம் என்பது, அவர் மொழியில் அந்தச் சொல்லுக்கு அதுதான் பொருள். இதை நம்பி லைனிங் தோல் வாங்கிப் போட்டவர்களை எனக்குத் தெரியும். இத்தாலிக்காரரின் ‘ஆக்சுவலி’ பல நேரம் ‘இப்போதைக்கு’. ஜெர்மன்காரரின் ‘வெள்ளிக்கிழமை வரைக்கும் அனுப்புங்கள்’ என்பது ‘வெள்ளிக்கிழமைக்குள்’. அதனால் நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். பணமோ தேதியோ கோபமோ சம்பந்தப்பட்ட வினைச்சொல் வந்தால், அதே சொல்லைத் திருப்பி எழுதாமல், எனக்குப் புரிந்ததை வேறு எளிய சொற்களில் எழுதி ‘இதுதானே?’ என்று கேட்டுவிடுவேன். உங்கள் ஆள் வந்து ஷூவைப் பார்ப்பார், பார்த்த பிறகு நாங்கள் ஏற்றலாம், சரியா? இந்த ஒரு வரியை அன்று எழுதியிருந்தால் ஒரு கப்பல் மிஞ்சியிருக்கும். கோபம் வந்த மெயிலுக்கு அன்றே பதில் போடுவதில்லை என்பதையும் கூடவே சேர்த்துக்கொண்டேன். அகராதியில் பொடி எழுத்தைப் படிக்க இரண்டு நிமிடம்தான் ஆகிறது. அதில் பாதி நேரம் பயனுள்ளது ஒன்றும் கிடைக்காது. மீதி நேரத்துக்காகப் படிக்கிறேன்.

போன வருடம் நைனாவுக்கு சுகர் என்று தெரிந்தது. மிஷின் வாங்கிக் கொடுத்தோம். பழைய குடோன் பழக்கம், அவரே கோடு போட்டு ஒரு நோட்டு எழுத ஆரம்பித்தார். காலையில் வெறும் வயிற்றில் 112, 108, 115. அழகான கையெழுத்து. “கன்ட்ரோல்ல கீது” என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். மூன்று மாதம் கழித்து வேலூருக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். மூணு மாச சுகர் டெஸ்ட் எடுத்தார்கள். ரத்தத்தின் சிவப்பணுவில் சர்க்கரை ஒட்டிக்கொள்ளும், அந்த அணு ஏறத்தாழ நான்கு மாதம் உயிரோடிருக்கும், அதனால் அதைப் பார்த்தால் கடந்த இரண்டு மூன்று மாதத்தின் சராசரி தெரிந்துவிடும். 9.2 சதவீதம் என்று வந்தது, ரொம்ப அதிகம். டாக்டர் நோட்டையும் ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலை ஓட்டினார். எனக்கு அந்த இத்தாலிக்காரர் ஞாபகம் வந்தது. “நோட்டு நல்லா இருக்கு பெரியவரே, ரத்தம் வேற கணக்கு சொல்லுதே” என்றார்.

பஸ்ஸில் திரும்பும்போது நைனா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். பத்தியமாக இருந்த நாளுக்கு மறுநாள் காலையில் மட்டும்தான் மிஷினை எடுத்திருக்கிறார். கல்யாணம், கறிச்சாப்பாடு, பேத்தி வாங்கிவந்த பால்கோவா, இவற்றுக்கு மறுநாளெல்லாம் நோட்டில் கோடு மட்டும் இருக்கும், எண் இருக்காது. சாப்பிட்ட பிறகு பார்த்ததே இல்லை. “நானே ரெண்டு நோட்டையும் எழுதிக்கினேன்” என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது நாள் தவறாமல் பார்க்கிறார், வாரத்தில் இரண்டு நாள் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தும். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வீட்டில் இருக்கும்போது நானே ஒரு தடவை குத்திப் பார்த்து என் நோட்டில் தனியாக எழுதிக்கொள்கிறேன். போன வாரம் எனக்கு முன்னாலேயே எழுந்து மிஷினைத் தேடியிருக்கிறார், நான் ஒளித்து வைத்திருந்தேன். பார்த்து எழுதி முடித்ததும் கட்டிலிலிருந்து கழுத்தை நீட்டினார்.

“உன் நோட்டுல எவ்ளோம்மா?”

மிஷினில் இருந்த எண்ணை அழித்துவிட்டு அவர் கையில் கொடுத்தேன். “நீங்க குத்துங்க நைனா. உங்களுக்கு இன்னா வருதோ அத்த எழுதுங்க.”